அறுபது மணி நேரப் பழக்கம்

“சிமுலேட்டர் சரியாத்தான் சார் இருக்கு” என்று நான் சொன்னபோது என் தங்கை இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். என் குரல் பிசிறவே இல்லை. பொய் சொல்கிறவனுக்கு நாக்கு உலரும், வியர்க்கும், எதிராளியின் கண்ணைப் பார்க்க முடியாது என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு ஒரு மண்ணும் நடக்கவில்லை. டீ வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

கேட்டவர் விமானப் பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர். கேப்டன் என்று கூப்பிடுவோம். ஐந்தடி உயரம், அதற்கு மேல் அரையடி தோரணை. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைக் கடுகு என்பார்கள். அது அவருக்குத் தெரியும். தெரியாததுபோல இருப்பார்.

நான் அந்தப் பள்ளியில் வேலை பார்ப்பவன் அல்ல. அங்கே ஓர் அறையில் நிற்கும் சிமுலேட்டரின் மென்பொருளை எழுதியவன். விமானத்தின் முன்பாதியை மட்டும் வெட்டி எடுத்து வைத்ததுபோல ஒரு கூடு. உள்ளே நிஜமான இருக்கை, ஸ்டிக், பெடல்கள். எதிரே மூன்று பெரிய திரைகள். ஸ்டிக்கை இவ்வளவு சாய்த்தால் இறக்கை எவ்வளவு சாய வேண்டும், எத்தனை சீக்கிரம், எத்தனை தயங்கி என்று கணக்குப் போட்டுத் தருவது என் பிழைப்பு. ‘நிஜ விமானத்தின் கை உணர்வு’ என்று எங்கள் விளம்பரத் தாளில் ஒரு வரி இருக்கும். அதையும் நான்தான் எழுதினேன்.

என் தங்கை அந்தப் பள்ளியில் விமானி ஆகப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். அன்று காலை அவளும் கேப்டனும் ஸ்டால் பாடத்துக்காக மேலே போயிருந்தார்கள். விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டே வேகத்தைக் குறைத்தால் ஒரு கட்டத்தில் இறக்கைமேல் ஓடும் காற்று ஒட்டாமல் பிய்ந்துவிடும். அதுதான் ஸ்டால். வேண்டுமென்றே அதை வரவழைத்து, அதிலிருந்து மீண்டு வரப் பழகுவார்கள். அந்த நேரத்தில் ஒரு பக்க இறக்கை சட்டென்று தொய்ந்து விழும். இடப்பக்கம் விழுந்தால் ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்து அதைத் தூக்கத்தான் கை பறக்கும். அதைத்தான் செய்யக் கூடாது. இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் மடங்கும் பலகைக்கு எய்லரான் என்று பெயர். ஸ்டிக்கைச் சாய்த்தால் மடங்குவது அதுதான். காற்று பிய்ந்துபோன இறக்கையில் அதை மடக்கினால் இறக்கை எழாது, இன்னும் ஆழமாக விழும். ஸ்டிக்கை முன்னால் தள்ளி, காலால் பெடலை மிதித்துத்தான் மீள வேண்டும்.

அன்று இடது இறக்கை விழுந்தது. என் தங்கை ஒரு நொடிகூட யோசிக்காமல் ஸ்டிக்கை வலப்பக்கம் போட்டிருக்கிறாள். விமானம் அப்படியே புரண்டு, தலைகீழாகச் சுழன்று இறங்க ஆரம்பித்துவிட்டது. இரண்டரைச் சுற்று. கேப்டன் ஸ்டிக்கைத் தன் கைக்குப் பிடுங்கிச் சரிசெய்து இறக்கிக் கொண்டுவந்தார். கீழே வந்ததும் நேராக சிமுலேட்டர் அறைக்கு வந்தார். நான் அங்கே ஒரு திரையை மாற்றிக்கொண்டிருந்தேன்.

“தம்பி, உங்க மெஷின்ல இந்த இடம் சரியா வருதா? இந்தப் பொண்ணு பயத்துல தப்புப் பண்ணல. பழகின கை மாதிரி போச்சு. அதான் கேக்கறேன்.”

அப்போதுதான் அந்தப் பதிலைச் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை.

“இவ கூடப் படிக்கற மத்த பதினோரு பேரும் இதுலதானே சார் பழகினாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே.”

என் தங்கை தன் வலது உள்ளங்கையைப் பார்த்தாள். யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. கேப்டன் தலையாட்டிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை அவள் படிப்பைத் தொடரலாமா வேண்டாமா என்று பேசி முடிவெடுப்பதாகச் சொல்லிப் போனார்.

இனி அந்த மென்பொருளில் நான் சேர்த்த ஒரு வரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இந்தப் பள்ளிக்கு சிமுலேட்டரைக் காட்டப் போயிருந்தோம். நிஜச் சோதனைப் பறப்புகளில் எடுத்த எண்களை வைத்து நான்கு மாதம் கண் எரிய உட்கார்ந்து எய்லரான் அட்டவணையைத் தயாரித்திருந்தேன். ஸ்டால் நெருங்க நெருங்க அதன் பலம் எப்படிக் குறையும், எந்தக் கோணத்தில் எதிர்வேலை செய்யத் தொடங்கும் என்பது வரை அச்சுப் பிசகாமல் வைத்திருந்தேன். கேப்டன் ஏறி உட்கார்ந்தார். பள்ளி நிர்வாகம் முழுக்கப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தது. ஸ்டாலுக்குப் போனார். இறக்கை விழுந்தது. ஸ்டிக்கால் தூக்கப் பார்த்தார். சுழன்று தரையில் மோதினார். இப்படி மூன்று முறை. பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். முப்பது வருடம் பறந்த மனிதரின் காது மடல் சிவந்துபோனது.

அவர் எதனால் தவறினார் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. மதிய உணவுக்கு எல்லோரும் போனபிறகு ஒரு வரி சேர்த்தேன். அட்டவணை என்ன சொன்னாலும் சரி, எய்லரானின் பலம் நூற்றுக்கு அறுபதுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று. பக்கத்திலேயே ‘தற்காலிகம், காட்டி முடிந்ததும் நீக்கவும்’ என்று குறிப்பும் எழுதினேன். எழுதி வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தமாதிரி எங்களுக்கு ஒரு நினைப்பு. சாப்பிட்டு வந்து கேப்டன் மறுபடி ஏறினார். இறக்கை விழுந்தது, ஸ்டிக்கைச் சாய்த்தார், சமர்த்தாக எழுந்து வந்தது. “இப்பதான் நிஜமா இருக்கு” என்றார். அன்றே வாங்கிக்கொண்டார்கள்.

முதல் மாதம் அந்த வரியை மறந்துபோனேன். இரண்டாவது மாதத்திலிருந்து மறக்கவில்லை. எடுத்தால் ‘ஏன் திடீரென்று மாறிவிட்டது’ என்று கேட்பார்களே என்று விட்டுவைத்தேன்.

மற்ற மாணவர்கள் கட்டாயத்துக்காக எட்டு மணி நேரம் அதில் உட்கார்ந்தார்கள். என் தங்கை அறுபது மணி நேரம் உட்கார்ந்தாள். வகுப்பு முடிந்ததும் ஓடிவந்து ஏறிக்கொள்வாள். “எங்க அண்ணன் செஞ்ச ஏரோப்பிளேன்” என்று தோழிகளிடம் பீற்றிக்கொள்வாள். பதினோரு பேர் தப்பித்ததற்கும் அவள் மட்டும் மாட்டிக்கொண்டதற்கும் இதுதான் காரணம். அவள்தான் என்னை நம்பினாள்.

கேப்டன் கேட்டுவிட்டுப் போன அன்று மதியமே நான் இன்னொரு காரியமும் செய்தேன். அலுவலகத்துக்குப் போய் அந்த வரியை நீக்கி, பள்ளி சிமுலேட்டருக்குப் புதுப் பதிப்பை அனுப்பினேன். என்னென்ன மாறியது என்று எழுத வேண்டிய இடத்தில் ‘சிறு திருத்தங்கள்’ என்று போட்டேன். தப்பைச் சரிசெய்துவிட்டோம், இனி யாருக்கும் கெடுதல் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லிக்கொண்டேன். சுத்தக் கயவாளித்தனம். தடயத்தை அழித்தேன் என்பதுதான் அதற்குப் பெயர்.

அதன்பிறகு வீட்டில் நான் ரொம்ப நல்லவனாகிவிட்டேன். தங்கைக்கு முந்தி எழுந்து டீ போட்டேன். அவள் சைக்கிளுக்குக் காற்றடித்தேன். அவள் சாப்பிட்ட தட்டை நான் எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினேன்.

“என்ன, உங்க தங்கச்சிக்கு இப்படி விழுந்து விழுந்து செய்யறீங்க?” என்றாள் என் மனைவி. “கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு டம்ளரை நகத்தி வச்சு நான் பாத்ததில்ல.”

“பாவம், மனசொடிஞ்சு போயிருக்கா.”

“அவ ஒடிஞ்ச மாதிரி தெரியல. நீங்கதான் திருடன் மாதிரி முழிக்கறீங்க.”

நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். அவள் அதை மடித்து மேஜைமேல் வைத்தாள்.

“புதன்கிழமை காலையில அவளுக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னா. எனக்கு மனசு கேக்கல.”

“எந்த டாக்டர்?”

“நரம்பு டாக்டர். கை அவ பேச்சைக் கேக்கலையாம். அன்னிக்கு ஏரோப்பிளேன்ல தப்பாப் போச்சுன்னு, மறுநாள் போயி உங்க மெஷின்ல பண்ணிப் பாத்திருக்கா. அதுலயும் சுத்திடுச்சாம். இத்தனை நாளா அதுல ஒரு தடவைகூட விழுந்ததில்லையாம். எப்பவும் பண்றதைத்தான் பண்ணேன் அண்ணி, எப்பவும் சரியா வரும், இப்ப வரல, அப்ப என் கையிலதான் ஏதோ போயிடுச்சுன்னு சொல்லி அழுதா.”

என்னால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நான் அவளிடமிருந்து மறைத்தது ஒரு வரியை. அதை எடுத்தபோது அவளுக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கையையும் சேர்த்து எடுத்துவிட்டேன். அவள் ஒருத்தி மட்டும்தான் மாறாதவள். அவளுக்குக் கீழே இருந்ததை நான் சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிட்டு, தடுமாறுகிறாயே என்று டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை அவள் கூடத்தில் உட்கார்ந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். வலது கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றைத் தொட்டாள். நான் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நடுவிலிருந்து ஆரம்பித்தேன்.

“உன் கையில ஒண்ணும் இல்ல. டாக்டர்கிட்ட போகாதே.”

“அண்ணி சொல்லிட்டாங்களா?”

“மெஷின்தான் தப்பு. நான்தான் தப்பா வச்சிருந்தேன். ஸ்டால்ல எய்லரான் வேலை செய்யற மாதிரி. அதுலயே அறுபது மணி நேரம் பழகிட்ட. அதான் மேல கை அப்படிப் போச்சு.”

அவள் முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“மறுநாள் அதுலயும் சுத்திச்சே?”

“அதுக்குள்ள மாத்திட்டேன்.”

“எப்ப?”

“அன்னிக்கு மதியமே.”

சமையலறையில் என் மனைவி பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுபோயிருந்தது.

“அப்ப கேப்டன் கேட்டாரே, அப்பவே உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“நான் பக்கத்துல நின்னுட்டிருந்தேன்.”

“ஆமா.”

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டு, அழுது, மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம். அவள் குனிந்து ஷூவைக் கழற்றினாள். இரண்டையும் ஜோடியாகச் சுவரோரம் வைத்தாள்.

“வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மீட்டிங். இதை அங்க வந்து சொல்லு. எங்கிட்ட சொன்ன மாதிரியே. ஒரு வார்த்தை குறைக்காதே.”

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அந்த அறையில் கேப்டனும், பள்ளி நிர்வாகி ஒருவரும், என் தங்கையும் இருந்தார்கள். வெளியே ஓடுபாதையில் யாரோ எஞ்சினை உறுமவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் அடங்கும்வரை காத்திருக்கும் சாக்கில் இரண்டு நிமிடம் கடத்தினேன். பிறகு சொன்னேன். வரியைச் சேர்த்தது, விட்டுவைத்தது, கேட்டபோது பொய் சொன்னது, மதியமே நீக்கியது, ‘சிறு திருத்தங்கள்’ என்று எழுதியது. ஒரு வார்த்தை குறைக்கவில்லை. ஒன்றைத் தவிர.

கேப்டன் அந்த ஒன்றைத்தான் கேட்டார்.

“முதல்ல எதுக்குப் போட்ட?”

மரியாதை போயிருந்தது. அது நியாயம்தான். நான் மேஜையைப் பார்த்தேன்.

“டெமோ நல்லா வரணும்னு, சார்.”

“காலையில மூணு தடவை விழுந்தேன். மத்தியானம் விழல. நான் அன்னிக்கு வீட்டுக்குப் போயி என் சம்சாரத்துக்கிட்ட பெருமை அடிச்சுக்கிட்டேன், தெரியுமா? மூணே தடவைல மெஷினைப் பிடிச்சுட்டேன்னு.”

நிர்வாகி சங்கடமாக நெளிந்தார். என் தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறைக்காதே என்று சொல்லியிருந்தாள்.

“உங்க கால் பெடலுக்கு எட்டல, சார்” என்றேன். “சீட் ரொம்பப் பின்னால இருந்துச்சு. நான் பாத்தேன். அத்தனை பேர் முன்னால சீட்டை முன்னால தள்ளுங்கன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அதான் சீட்டை விட்டுட்டு விமானத்தை மாத்திட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. கேப்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே மறுபடி போட்டுக்கொண்டார்.

“எட்டலைன்னு எனக்கும் தெரியும்” என்றார். “நானும் சொல்லல.”

பிறகு அவர் என் தங்கைக்கு முன்னால் எழுந்து நின்றார். முப்பது வருடப் பயிற்சியாளர் ஒரு மாணவிக்கு முன்னால் அப்படி நிற்பார் என்று நான் நினைக்கவில்லை. “தப்பு உன் கையில இல்லம்மா. நீ தொடர்ந்து படி. கூடுதலா பத்து மணி நேரம் நானே உன்னோட மேல வர்றேன்” என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. மற்ற பதினோரு மாணவர்களுக்கும், மெஷின் எங்கே தவறாக இருந்தது என்று என் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். எங்கள் அலுவலகத்தில் பறப்புக் கணக்கை என்னிடமிருந்து பிடுங்கிக் கொண்டார்கள். இப்போது திரையில் மேகம் வரைகிற பகுதியில் இருக்கிறேன்.

இத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சொல்லியாகிவிட்டது, அவளும் படிப்பைத் தொடர்கிறாள், பட வேண்டிய அவமானத்தையும் பட்டாகிவிட்டது. உண்மையைச் சொன்னவனுக்கு வரும் ஓர் அற்பத் திருப்திகூட மெல்ல எட்டிப்பார்த்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை அவள் சிமுலேட்டரில் பயிற்சி எடுக்கப் போனாள். விமானத்தை மறுபடி மறுபடி மேலே ஏற்றி வைக்க வெளியே ஓர் ஆள் வேண்டும். “நீயே வா” என்றாள். இயக்கும் மேஜையில் நான் உட்கார்ந்தேன். அவள் கூட்டுக்குள் ஏறி, இருக்கையை முன்னால் இழுத்து, இரண்டு காலும் பெடலில் பதிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

நாலாயிரம் அடி. வேகம் குறைந்தது. மூக்கு எழுந்தது. இடது இறக்கை விழுந்தது. ஸ்டிக் வலப்பக்கம் போனது. திரையில் பூமி சுழன்றது.

“இன்னொரு தடவை” என்றாள்.

இரண்டாவது முறையும் அதே. மூன்றாவது முறை சரியாக வந்தது. நான்காவது முறை மறுபடி வலப்பக்கம். அவள் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தாள். முன்னால தள்ளு, காலை மிதி, ஸ்டிக்கைச் சாய்க்காதே. சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை சாய்த்தது. பிறகு வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இடது கையால் செய்து பார்த்தாள். இடது கையும் வலப்பக்கமே போனது. என் மேஜையில் ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. இருபது முறையில் பதின்மூன்று முறை விழுந்திருந்தாள். கேப்டனோடு பறக்கப் போவது திங்கட்கிழமை.

“போதும்மா” என்றேன். “நாளைக்குப் பாத்துக்கலாம்.”

அவள் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள். கூட்டுக்குள்ளிருந்து திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“அந்த வரியை எடுக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?”

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதை நான் சொல்லவில்லை.

“எனக்குள்ள அந்த வரி எங்க இருக்குன்னே தெரியல அண்ணா” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. எழுதியவன் நான்தானே, எனக்குத் தெரிந்திருக்கும் என்று உண்மையாகவே கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அவள் மறுபடி ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நான் விமானத்தை நாலாயிரம் அடிக்கு ஏற்றி வைத்தேன்.